கதிர்வீச்சில் எத்தனை வகை, எது உயிரை என்ன செய்யும்?

கேள்வி இதுதான்: "செல்போன் கோபுரத்திலிருந்து வருவதும் கதிர்வீச்சு, எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு, அணு உலை விபத்தில் வெளியேறியதும் கதிர்வீச்சு என்கிறார்கள். எல்லாம் ஒன்றா? ஒவ்வொன்றும் மனிதனையும் மற்ற உயிர்களையும் என்ன செய்யும்?"

பெயர் ஒன்று, சரக்கு வேறு வேறு. ஓரிடத்திலிருந்து ஆற்றல் கிளம்பிப் பரவினாலே அதற்குக் கதிர்வீச்சு என்று பெயர். அடுப்பின் அனலும் விளக்கின் வெளிச்சமும் அதில் சேர்த்தி. ஆகவே "இது கதிர்வீச்சு" என்று மட்டும் யாராவது சொன்னால் அவர் இன்னும் எதையும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் பிரிவில் பல வருடங்களாகப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன். சட்டையில் எப்போதும் ஒரு டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும். நான் வாங்கிய கதிர்வீச்சு எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்துச் சொல்வார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கணக்கைப் போடச் சொல்வது என் வழக்கம். உடம்பு முழுக்க ஒரே மூச்சில் 4 கிரே காமா கதிர் பட்டு, சிகிச்சையும் கிடைக்கவில்லை என்றால், பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். ஒரு கிரே என்றால் ஒரு கிலோ உடம்பில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கியிருக்கிறது என்று பொருள். 70 கிலோ ஆளுக்கு 4 கிரே என்றால் 280 ஜூல். இது எவ்வளவு வெப்பம் தெரியுமா? ஒரு தேக்கரண்டி வெந்நீரை விழுங்கினால் அதைவிட அதிகம் உள்ளே போகும். 280 ஜூலால் உடம்பின் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். வெந்நீர் குடித்தவர் எழுந்து வேலையைப் பார்க்கப் போகிறார். காமா வாங்கியவர் பிழைப்பாரா என்பதே சந்தேகம்.

வித்தியாசம் ஆற்றல் எவ்வளவு வந்தது என்பதில் இல்லை, அது எப்படிப் பொட்டலம் கட்டப்பட்டு வந்தது என்பதில் இருக்கிறது. ஒரு மூட்டை மணலைக் கைப்பிடி கைப்பிடியாகக் கண்ணாடிமேல் தூவிப் பாருங்கள், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அதே எடையில் ஒரு கருங்கல்லை எறிந்தால் கதை வேறு. ஒளி, ரேடியோ அலை, எக்ஸ் கதிர், காமா எல்லாமே மின்காந்த அலைகள்தான் என்றாலும் ஆற்றல் அவற்றில் ஃபோட்டான் என்கிற தனித்தனிப் பொட்டலங்களாகத்தான் வருகிறது. நம் உடம்பில் உள்ள ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறிய சுமார் பத்து எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் கொண்ட பொட்டலம் வேண்டும். இப்படிப் பிய்த்து எறிவதுதான் அயனியாக்கம். செல்போனும் மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்தும் அலையின் ஒரு ஃபோட்டானில் இருப்பதைப் போலச் சுமார் பத்து லட்சம் மடங்கு இது. இன்னொரு பக்கம், ஒரு சாதாரண காமா ஃபோட்டானில் இந்தத் தேவையைப் போல ஒரு லட்சம் மடங்கு இருக்கும். அயனியாக்கும் கதிர்வீச்சு, அயனியாக்காத கதிர்வீச்சு என்று இரண்டாகப் பிரிப்பது இதை வைத்துத்தான்.

முதலில் அயனியாக்காத பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ரேடியோ அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி எல்லாம் இதில் அடங்கும். இவை உடம்பில் செய்வது பெரும்பாலும் சூடேற்றுவது. நுண்ணலை பலமாகப் பட்டால் தசை வேகும், கண்ணின் லென்ஸ் கெடும். லென்ஸில் ரத்த ஓட்டம் இல்லாததால் ஏறிய சூட்டை எடுத்துக்கொண்டு போக ஆளில்லை. ஆனால் செல்போன் தருகிற அளவில் சூடு ஏறுவதே அளந்து பார்க்கச் சிரமமான அளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் போட்டது. "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், ஆதாரம் போதவில்லை" என்பது அந்தப் பிரிவின் அர்த்தம். அதைப் பலர் "நிரூபணம் ஆகிவிட்டது" என்று படித்துக்கொண்டார்கள். என் கருத்தைக் கேட்டால், கோபுரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் காதோடு ஒட்டி வைத்திருக்கும் போனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நான்கில் ஒன்றாகும். கோபுரம் எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது, போன் தோலில் உரசிக்கொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் வேலிமேல் உட்கார்ந்திருப்பது புற ஊதாக் கதிர். வெயிலில் வருவதன் ஃபோட்டானுக்கு எலக்ட்ரானைப் பிய்க்கிற பலம் இல்லை. ஆனால் டிஎன்ஏ அதை அப்படியே விழுங்கிக்கொள்ளும். டிஎன்ஏ ஏணியின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு தைமின் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) இருந்தால் இரண்டும் எதிர்ப்பக்கத்துத் துணையை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும்போது அந்த இடத்தில் படியெடுக்க முடியாமல் திணறும், அல்லது தப்பாகப் படியெடுக்கும். தோல் புற்றுநோய்க்கு இதுதான் முக்கியமான வழி. நம் செல்களில் இப்படி ஒட்டியதை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்பும் நொதிகள் இருக்கின்றன. பிறவியிலேயே அந்த நொதி சரியில்லாத குழந்தைகள் உண்டு. பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே தோல் புண்ணாகும், சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். நாம் எல்லோரும் வெயிலில் நடமாட முடிவதற்கு யார் காரணம் என்று அவர்களைப் பார்த்தால் புரியும். கண்புரைக்கும் புற ஊதா ஒரு காரணம். அதே சமயம் தோலில் வைட்டமின் டி உருவாவதும் இதே கதிரால்தான். கிருமிகளைக் கொல்லும் விளக்குகளில் இருப்பது இதிலேயே மிக வீரியமான புற ஊதா-சி. சூரியனிலிருந்து வரும் அந்த ரகத்தை ஓசோன் படலம் முழுக்கத் தடுத்துவிடுகிறது. விளக்கிலிருந்து வருவதைத் தடுக்க ஓசோன் கிடையாது, ஆகவே அந்த விளக்கு எரியும் அறையில் ஆள் இருக்கக் கூடாது.

இனி அயனியாக்கும் பக்கம். 1895-ல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு வருடமே பெக்கரல், யுரேனிய உப்பு தானாகவே ஏதோ கதிரை வீசுவதைப் புகைப்படத் தகட்டில் பார்த்தார். 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். வெளியே வருவது ஒரே ரகம் இல்லை என்று பிரித்துக் காட்டி ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தவர் ரூதர்ஃபோர்ட்.

இதை நான் வகுப்பில் ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலை, அதாவது சூட்டில் ஒளிரும் வலைத் துணியை, வைத்துக் காட்டுவேன். பழைய மேன்டில்களில் பிரகாசத்துக்காகத் தோரியம் சேர்த்திருப்பார்கள். கதிர்வீச்சைச் சத்தத்தால் காட்டும், மெல்லிய அபிரக ஜன்னல் வைத்த கைகர் கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் டிக் டிக் டிக் என்று பொரியும். நடுவில் ஒரு தாளைச் செருகினால் சத்தம் சட்டென்று குறையும். தாளில் நின்றது ஆல்ஃபா. அடுத்து சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு அலுமினியத் தகடு. இன்னும் குறையும். அதில் நின்றது பீட்டா. அதற்கு மேலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருக்கும் டிக் சத்தம் காமா. அதைக் குறைக்க ஈயக் கட்டியோ தடித்த கான்கிரீட் சுவரோ வேண்டும். மேன்டிலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகும் கருவி முழுக்க அமைதியாகாது. எப்போதாவது ஒரு டிக் வரும். எங்கிருந்து என்று யாராவது கேட்பார்கள். மண்ணிலிருந்தும், சுவரிலிருந்தும், வானத்திலிருந்தும், கொஞ்சம் நம்மிடமிருந்தும்தான். நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் மட்டும் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன.

ஒரு தாள்கூடத் தடுத்துவிடுகிறதே, அப்படியானால் ஆல்ஃபாதான் சாதுவானது என்று தோன்றும். வெளியே இருக்கும்வரை உண்மைதான். அது ஹீலியத்தின் அணுக்கரு, கனமானது, காற்றில் நாலு சென்டிமீட்டர் போவதற்குள் களைத்து நின்றுவிடும். தோலின் மேலே இருக்கும் இறந்த செல் அடுக்கைக்கூடத் தாண்டாது. ஆனால் ஏன் அவ்வளவு சீக்கிரம் நிற்கிறது? கையிலிருக்கும் ஆற்றல் முழுவதையும் அந்தச் சின்னத் தூரத்துக்குள் கொட்டிவிடுவதால்தான். உடம்புக்குள் போய்விட்டால் அந்தத் தூரம் மூன்று நான்கு செல்களின் அகலம், அங்கே நாசம் பலமாக இருக்கும். ஒரே கிரே அளவுக்குக் காமாவைவிட ஆல்ஃபாவின் கேட்டை 20 மடங்கு என்று கணக்கில் எடுத்துக்கொள்வது இதனால்தான். அந்தப் பெருக்கல் முடிந்த பிறகு கிடைக்கும் அளவைத்தான் சீவெர்ட் என்கிறோம்.

1917 வாக்கில் அமெரிக்காவில் கடிகார முட்களும் எண்களும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த சாயத்தைத் தீட்டும் வேலைக்கு இளம்பெண்களைச் சேர்த்தார்கள். தூரிகையின் முனை கூராக இருக்க, ஒவ்வொரு முறையும் அதை உதட்டில் வைத்துச் சுழற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு சுழற்றலிலும் துளி ரேடியம் வயிற்றுக்குள் போனது. ரேடியம் வேதியியல்படி கால்சியத்தின் தம்பி. உடம்புக்கு வித்தியாசம் தெரியாமல் அதை எலும்பில் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. ரேடியத்தின் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 1,600 வருடம், ஆகவே அந்தப் பெண்களின் ஆயுளில் அது தீர்ந்துபோக வழியே இல்லை. பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது, சிலருக்கு எலும்புப் புற்றுநோய் வந்தது. அதே சாயம் மூடிய கண்ணாடிக் குப்பியில் மேசைமேல் இருந்திருந்தால் அதன் ஆல்ஃபா கண்ணாடியைத் தாண்டியிருக்காது. 2006-ல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி அலெக்சாண்டர் லித்வினென்கோவைக் கொன்ற பொலோனியம்-210 அதே ஆல்ஃபா ரகம். காமா கிட்டத்தட்ட இல்லாததால் அவர் இறக்கப்போகும் நேரத்தில்தான் காரணம் பிடிபட்டது.

பீட்டா என்பது வேகமாகப் பாயும் எலக்ட்ரான். காற்றில் சில மீட்டர் போகும், தோலுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கும். தோலில் படிந்தால் தீப்புண் மாதிரியே புண் வரும். 1954 மார்ச் 1-ல் பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதிலிருந்த 23 பேருக்கும் வந்த புண்களில் பெரும்பங்கு இந்த வகை. பீட்டாவைத் தடுக்க நேராக ஈயத்தை வைப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது இந்தத் துறைக்காரர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம். கனமான உலோகத்தில் எலக்ட்ரான் சடாரென்று நின்றால் அங்கேயே எக்ஸ் கதிர் பிறக்கும். முதலில் பிளாஸ்டிக், தேவைப்பட்டால் அதற்குப் பின்னால் ஈயம்.

காமாவும் எக்ஸ் கதிரும் ஒரே சாதி. அணுக்கருவிலிருந்து வந்தால் காமா, எலக்ட்ரான்களின் வேலையால் வந்தால் எக்ஸ் கதிர். இரண்டும் உடம்பை ஊடுருவிப் போய்விடும், போகிற வழியில் அங்கங்கே அயனியாக்கும். நியூட்ரான் தனி ரகம். அணு உலையிலும் அணுகுண்டிலும்தான் பெரிய அளவில் சந்திக்க நேரும். ஈயம் அதை அவ்வளவாகத் தடுக்காது. தண்ணீர், மெழுகு போன்ற ஹைட்ரஜன் நிறைந்த பொருள்தான் அதை மெதுவாக்கும். நாமோ பாதிக்கு மேல் தண்ணீர்! தான் பட்ட பொருளையே கதிரியக்கம் உள்ளதாக மாற்றும் குணமும் நியூட்ரானுக்கு உண்டு.

இந்தக் கடைசிக் குணம் மற்றவற்றுக்கு நடைமுறையில் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் கதிர் வீசமாட்டார், கோபால்ட் காமாவால் தூய்மைப்படுத்திய ஊசியும் வீசாது. எங்கள் பிரிவில் கருவிக்குக் கீழே படுத்துச் சிகிச்சை முடித்து வரும் அப்பாவை மகள் தொடப் பயந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தை அணைத்த நொடியில், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போய்விடுகிற மாதிரி, எல்லாம் முடிந்துவிடுகிறது. அப்பாவைத் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். (கதிரியக்க அயோடினை விழுங்கிச் சிகிச்சை எடுத்தவர்கள் மட்டும் சில நாட்கள் தள்ளியிருக்க வேண்டும், அவர்கள் உடம்புக்குள் பொருளே இருக்கிறது.) கதிர் படுவது வேறு, கதிர் வீசும் பொருள் ஒட்டிக்கொள்வது வேறு.

ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலின் கோயானியா நகரத்தைச் சொல்லலாம். 1987 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து பழைய கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியின் தலைப்பகுதியை இரண்டு பேர் கழற்றிக் காயலான் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137 உப்பு இருந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அதைப் பார்த்து மயங்கிய கடைக்காரர் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். ஒரு ஆறு வயதுக் குழந்தை அதை உடம்பில் தடவிக்கொண்டு விளையாடியது, அந்தக் கையாலேயே சாப்பிட்டது. வீட்டில் ஒவ்வொருவராக வாந்தி எடுப்பதைக் கவனித்து, இந்தப் பொடிதான் காரணம் என்று சந்தேகப்பட்டவர் கடைக்காரரின் மனைவி. அந்தப் பொருளை ஒரு பையில் போட்டு, பேருந்தில் ஏறி, சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அவரும் அந்தக் குழந்தையும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில் 249 பேர்மேல் சீசியம் ஒட்டியிருந்தது. இப்படி ஒட்டியவர்களுக்கு முதல் வைத்தியம் ரொம்ப எளிமையானது: உடையைக் கழற்றி மூட்டை கட்டுவது, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது.

சரி, செல்லுக்குள் என்ன நடக்கிறது? கதிர் நேராக டிஎன்ஏவில் பட்டு அதை அறுக்கலாம். ஆனால் செல்லில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அடி அதிகமாகத் தண்ணீரின் மேல்தான் விழுகிறது. உடைந்த தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஹைட்ராக்ஸில் என்கிற ஒரு வெறிபிடித்த துண்டு கிளம்புகிறது. பக்கத்தில் எது இருந்தாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். அது கடித்த இடத்தில் டிஎன்ஏ அறுகிறது. ஏணியின் ஒரு பக்கம் மட்டும் அறுந்தால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். நம் செல்களில் கதிரே படாமலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். ஒரு கிரே காமா பட்டால் ஒரு செல்லில் சுமார் ஆயிரம் ஒற்றை அறுப்பும், நாற்பது இரட்டை அறுப்பும் விழும். முனைகளைத் தப்பாக ஒட்டிவிட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். செல் தற்கொலை செய்துகொள்ளலாம். உயிரோடு இருந்தும் பிரிய முடியாமல் போகலாம். அல்லது தப்பான எழுத்தோடு பிரிந்து பெருகலாம். புற்றுநோய்க்கு விதை இந்த மூன்றாவதுதான்.

1906-லேயே பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: அடிக்கடி பிரியும் செல்லைத்தான் கதிர் அதிகம் கொல்கிறது. எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், முடியின் வேர், விந்து உருவாகும் இடம் இதெல்லாம் முதலில் விழும். நரம்பும் தசையும் தாக்குப்பிடிக்கும். புற்றுநோய்ச் செல் கட்டுப்பாடில்லாமல் பிரிவது, அதனால்தான் கதிர்வீச்சு அதற்கு மருந்தாகிறது. கட்டியின் மேல் தினம் 2 கிரே என்று வாரம் ஐந்து நாள், மொத்தம் 50, 60 கிரேகூடத் தருகிறோம். உடம்பு முழுக்க 4 கிரே உயிருக்கு ஆபத்து என்று மேலே சொன்னேனே, இது எப்படி? குறிப்பிட்ட இடத்தில் மட்டும் படுகிறது, அப்புறம் ஒவ்வொரு நாள் இடைவெளியிலும் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தக் கைத்திறன் குறைவு.

உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் 1 கிரேக்கு மேல் பட்டால் கடுமையான கதிர்வீச்சு நோய் வரும். இதில் கொடுமையானது அதன் நடை. முதல் சில மணி நேரத்தில் வாந்தி. பிறகு ஒன்றுமே இல்லாத மாதிரி சில நாட்கள், சில வாரங்கள் ஓடும். ஆள் பேசுவார், சிரிப்பார், வீட்டுக்குப் போகலாமா என்பார். உள்ளே ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜை நின்றுபோயிருக்கும், ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் அணுக்களின் சேமிப்பில்தான் அவர் நடமாடுகிறார். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் தீர்ந்ததும் காய்ச்சல், தொற்று, ரத்தக் கசிவு தொடங்கும். சிவப்பணுவுக்கு ஆயுள் நான்கு மாதம் என்பதால் ரத்தசோகை அதற்கும் பிறகுதான் வரும். அளவு 6 முதல் 10 கிரேயைத் தாண்டினால் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் குடலின் உள்தோல் உரிந்துபோகும், பிழைப்பது அரிது. இன்னும் மேலே போனால் மூளையும் ரத்தக் குழாய்களும் கெட்டு ஓரிரு நாளில் முடிந்துவிடும். சோவியத் யூனியனின் செர்னோபில் அணு உலை வெடித்த 1986 ஏப்ரல் 26 இரவில் அங்கே வேலையில் இருந்தவர்களிலும் தீயணைப்பு வீரர்களிலும் 134 பேருக்கு இந்த நோய் உறுதியானது. அவர்களில் 28 பேர் அந்த வருடமே இறந்தார்கள்.

இதெல்லாம் ஓர் எல்லையைத் தாண்டினால் கட்டாயம் வருபவை, தாண்டாவிட்டால் வராதவை. புற்றுநோய் அப்படியில்லை. அது லாட்டரி மாதிரி: அளவு கூடினால் சீட்டு எண்ணிக்கை கூடும், பரிசின் அளவு மாறாது. நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் முதலில், சில வருடங்களிலேயே கூடியது. மற்றவை பத்து, இருபது வருடம் கழித்து வந்தன. 1 சீவெர்ட் வாங்கினால் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடும் என்பது பாதுகாப்புக் கணக்குகளில் பயன்படும் எண். 100 மில்லிசீவெர்ட்டுக்குக் கீழே உண்மையில் எதுவும் கூடுகிறதா என்பது இன்னும் தீராத சண்டை. கூடுகிறது என்றே வைத்துக்கொண்டு விதிகளை எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அளவுகளை மனதில் வைக்க: இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒருவருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் வருகிறது. அதில் ஏறக்குறைய பாதி, மண்ணிலிருந்து கசிந்து மூடிய அறைகளில் தேங்கும் ரேடான் என்கிற வாயுவால். அதுவும் ஆல்ஃபா வீசுவது, நுரையீரலுக்குள் போவது. புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகச் சொல்லப்படுவது அதுதான். மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது 0.1 மில்லிசீவெர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சி.டி. ஸ்கேன் என்றால் 8, 10 என்று போகும். எக்ஸ்ரேக்குப் பயந்து நடுங்கிவிட்டு, "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேவை இருந்தால் சி.டி. உயிரைக் காக்கும், தயங்கக் கூடாது. தேவை இல்லாமல் எடுப்பதைத்தான் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் அயனியாக்கும் கதிரே கிடையாது. எங்களைப் போல இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட் உச்சவரம்பு. என் பேட்ஜ் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும்.

உடம்பு ஏமாறும் கதைக்குத் திரும்பினால், ரேடியம் மட்டும் இல்லை, ஸ்ட்ரான்சியம்-90-ம் கால்சியம் வேடத்தில் எலும்புக்குப் போகும். சீசியம்-137 பொட்டாசியம் மாதிரி தசையெங்கும் பரவும். அயோடின்-131 வேடம் போட வேண்டியதே இல்லை, தைராய்டு அயோடினுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் உறுப்பு. செர்னோபிலுக்குப் பிறகு புல்லில் விழுந்த அயோடின் மாட்டுக்கும், மாட்டிடமிருந்து பாலுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் சின்னத் தைராய்டுக்கும் போனது. அன்று குழந்தைகளாக இருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. அந்த அயோடினின் அரைவாழ்வு எட்டு நாள்தான், அந்தச் சில வாரங்கள் பாலை நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். அயோடின் மாத்திரை கொடுப்பது தைராய்டை முன்கூட்டியே நல்ல அயோடினால் நிரப்பிவிடுவதற்காக. சீசியத்துக்கோ வெளியிலிருந்து படும் காமாவுக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை.

"பரம்பரையைப் பாதிக்குமா?" என்று எப்படியும் அடுத்துக் கேட்பார்கள். பழ ஈக்களில் பாதிக்கும் என்று 1927-ல் ஹெர்மன் முல்லர் காட்டினார், அதற்காக 1946-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அணுகுண்டில் பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளை ஆராய்ந்ததில் பரம்பரைக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. குண்டு விழுந்தபோது கருவில் இருந்த குழந்தைகளின் கதை வேறு. 8 முதல் 15 வாரக் கருவாக இருந்து அதிக அளவு பட்டவர்களில் சிறிய தலையும் மூளை வளர்ச்சிக் குறைவும் கண்டார்கள், மூளைச் செல்கள் மும்முரமாகப் பிரியும் காலம் அது. கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினால் ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்வது இதனால்தான். தெரியாமல் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் கருவைக் கலைக்க வேண்டுமா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. வேண்டாம். அதில் கருவுக்குப் போவது ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடிய அளவு.

மற்ற உயிர்களிடம் வந்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். செர்னோபில் பக்கத்துப் பைன் மரங்கள் சில வாரங்களில் செம்பழுப்பாகிச் செத்தன, அந்தக் காட்டுக்கே செங்காடு என்று பெயர் வந்தது. அங்கேயே நின்ற பிர்ச் மரங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. வளர்ந்த பூச்சிகளின் உடம்பில் செல் பிரிவது மிகக் குறைவு, அதனால் மனிதன் தாங்காத அளவை அவை தாங்கும். ஆனால் அவற்றின் இனச்செல்கள் பிரிந்துகொண்டே இருப்பவை. 1906-ல் சொன்ன அதே விதியை வைத்து ஒரு தந்திரம் செய்தார்கள். கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு அவற்றை உயிரோடு தின்னும் ஒருவகை ஈயை லட்சக்கணக்கில் வளர்த்து, ஆண் ஈக்கு மலடாகும் அளவுக்கு மட்டும் காமா கொடுத்துப் பறக்கவிட்டார்கள். அது ஆரோக்கியமாகப் பறந்து போய்ப் பெண் ஈயோடு சேரும், முட்டை பொரிக்காது. அந்தப் பெண் ஈயோ ஆயுளில் ஒரே ஒருமுறைதான் சேரும். 1954-ல் கரீபியக் கடலின் குராசாவ் தீவில் சில மாதங்களில் அந்த ஈயே இல்லாமல் போனது.

எல்லாவற்றையும் மிஞ்சியது டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்கிற பாக்டீரியா. 1956-ல் காமா கொடுத்துக் கிருமி நீக்கியதாக நினைத்த டப்பா இறைச்சி கெட்டுப்போனபோது, கெடுத்தது யார் என்று தேடியதில் சிக்கியது. 5,000 கிரே வாங்கியும் சாகாது. அதன் டிஎன்ஏ அறுபடாமல் இருப்பதில்லை, நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறத்தான் செய்கிறது. சில மணி நேரத்தில் அத்தனையையும் சரியான வரிசையில் திரும்ப ஒட்டிவிடுகிறது. மரபணுத் தொகுப்பைப் பல பிரதிகளாக வைத்திருக்கிறது, ஒட்டும் வேலையைச் செய்கிற புரதங்களை மாங்கனீசு சேர்மங்களால் காப்பாற்றிக்கொள்கிறது. பூமியில் எங்கும் இயற்கையாக அவ்வளவு கதிர்வீச்சு கிடையாது, பிறகு எதற்கு இந்தத் திறமை? வறட்சிக்காக என்கிறார்கள். தண்ணீர் வற்றி உலர்ந்து கிடக்கும்போதும் டிஎன்ஏ இதே மாதிரிதான் துண்டு துண்டாக அறுகிறது.